தட்டான் எல்லாம் ஒண்ணு இல்லீங்க! சென்னைப் பூங்காக்களில் பார்க்க வேண்டிய 10 தட்டான்களும் அவை சொல்லும் சேதியும்

ஸ்கூல் லீவுல தட்டான் பிடிச்சு, வாலில் நூல் கட்டிப் பறக்கவிட்டவங்க எல்லாம் கை தூக்குங்க. குட்டிக் கல்லைத் தூக்க வெச்சு வேடிக்கை பார்த்தவங்களும் தூக்கலாம். சரி, நீங்க பிடிச்ச அந்தத் தட்டானோட பேர் என்ன?

"சிவப்புத் தட்டான்", "மஞ்சத் தட்டான்", "ஹெலிகாப்டர் பூச்சி"... இதுக்கு மேல நம்மில் பலருக்குப் பதில் வராது. உலகத்தில் 6,000 வகைகளுக்கு மேல் இருக்கிற உயிரினம் இது. இந்தியாவில் மட்டும் ஏறக்குறைய 500 வகைகள். அதில் 10 வகைகளை மயிலாப்பூர், தி.நகர், அடையாறு பக்கமே பார்த்துடலாம். கையில் இருக்கிற போனும் கொஞ்சம் பொறுமையும் போதும்.

பேர் தெரிஞ்சு என்ன ஆகப்போகுதுன்னு கேட்கிறீங்களா? ஒரு குளத்தைச் சுத்தி 100 தட்டான் பறந்தால், 'ஆஹா, தண்ணி சுத்தமா இருக்கு'ன்னு நினைச்சுடுவோம். ஆனா, அந்த 100-ம் ஒரே வகையா இருந்தால் கதையே வேற. எத்தனை தட்டான் என்பதைவிட எந்தத் தட்டான் என்பதுதான் முக்கியம். அதைப் படிக்கத் தெரிஞ்சால், உங்க ஏரியா தண்ணீர் எப்படி இருக்குன்னு நீங்களே ஓரளவு சொல்லிடலாம்.

முதல்ல ஏபிசிடி!

தட்டானா, ஊசித்தட்டானா?

இதுதான் முதல் கேள்வி. தட்டான் உட்காரும்போது நாலு இறக்கைகளையும் விமானம் மாதிரி விரிச்சே வெச்சிருக்கும். உடம்பு கொஞ்சம் தடிமன். கண்கள் ரெண்டும் பெரும்பாலும் தலை உச்சியில் ஒட்டிக்கிட்டு இருக்கும்.

ஊசித்தட்டான் பேருக்கேத்த மாதிரி ஊசிதான். உட்கார்ந்ததும் பெரும்பாலும் இறக்கையை மடிச்சு முதுகோட சேர்த்துக்கும். கண்கள் ரெண்டும் தலையின் இரு ஓரத்தில் தள்ளித் தள்ளி இருக்கும். தட்டான் நிமிர்ந்து வேகமாப் பறக்கும். ஊசித்தட்டான் புல்லுக்குள்ளேயே தயங்கித் தயங்கிப் பறக்கும்.

'தும்பி'ன்னு சொல்லலாமான்னா, தாராளமா. ஆனா, பழைய இலக்கியத்தில் தும்பின்னா பெரும்பாலும் தேன் குடிக்கிற வண்டு. தருமி கதையில் வர்ற குறுந்தொகைப் பாட்டில் பேசப்படும் தும்பியும் வண்டுதான். அதனால இந்தக் கட்டுரையில் நாம 'தட்டான்' என்றே வெச்சுக்குவோம்.

நிறத்தை மட்டும் நம்பாதீங்க!

புதுசா ஆரம்பிக்கிற எல்லோரும் வழுக்கி விழற இடம் இது. நிறைய வகைகளில் ஆண் பளிச்சுனு சிவப்பா இருக்கும். அதே வகையில் பெண் மங்கலான மஞ்சளா இருக்கும். ஆணும் பிறந்து சில நாள்கள் வரைக்கும் மஞ்சளாத்தான் இருக்கும். அதனால் நீங்க பார்த்த சிவப்பும் மஞ்சளும் ஒரே வகையா இருக்கலாம். நிறத்தோட சேர்த்து இந்த நாலையும் பாருங்க.

1. எங்கே உட்காருது? குச்சி நுனியிலா, தரையிலா, சுவரிலா?

2. எப்படி உட்காருது? படுக்கை வாக்கிலா, தொங்கிக்கிட்டா?

3. இறக்கையில் என்ன இருக்கு? உடம்போடு ஒட்டுற இடத்தில் நிறத்திட்டு இருக்கா? இறக்கை நுனிக்குப் பக்கத்தில் மச்சம் மாதிரி ஒரு பொட்டு இருக்குமே, அது என்ன நிறம்?

4. பக்கத்தில் என்ன தண்ணீர்? குளமா, சாக்கடையா, மழைத் தேக்கமா, கழிமுகமா?

இந்த 10 பேரைத் தெரிஞ்சுக்கோங்க!

ஆப்களிலும் கையேடுகளிலும் ஆங்கிலப் பேர்தான் இருக்கும். தேட வசதியா அதையே தமிழில் கொடுத்திருக்கோம்.

1. டிச் ஜுவல்: பேரே 'சாக்கடை நகை'. ஆண் ஆரஞ்சு கலந்த சிவப்பு. இறக்கையிலும் பெரும்பகுதி ஆரஞ்சு சாயம் பூசின மாதிரி இருக்கும். பெண் பழுப்பு கலந்த பச்சை, இறக்கை கண்ணாடி. கழிவுநீர் கலந்த கால்வாய், குளம், ஆற்றங்கரை எல்லாவற்றிலும் கூட்டமா இருக்கும். கூவம், அடையாறு, பக்கிங்ஹாம் கால்வாய்னு மூன்றும் ஓடுற ஊரில் இதுக்கு என்ன குறை? மற்ற பல வகைகளால் தாங்க முடியாத அழுக்குத் தண்ணீரை இது தாங்கிக்கும். ஒரு நீர்நிலையில் இது மட்டுமே கூட்டமா இருக்கு, வேற வகையே கண்ணில் படலைன்னா, அதை ஓர் எச்சரிக்கையா எடுத்துக்கலாம்.

2. ரடி மார்ஷ் ஸ்கிம்மர்: நம்ம சின்ன வயசு 'சிவப்புத் தட்டான்'. ஆண் ரத்தச் சிவப்பு. முதுகில் வால் நெடுக மெல்லிய கறுப்புக் கோடு ஓடும். அந்தக் கோடுதான் அடையாளம். மஞ்சள் நிறப் பெண்ணிலும் அது இருக்கும். புல் வளர்ந்த குளக்கரையில் குச்சி நுனியில் உட்காரும்.

3. கிரிம்ஸன் மார்ஷ் கிளைடர்: சிவப்பு இல்லை, ரோஸ் கலந்த ஊதா. சென்னையில் இந்த நிறத்தில் தட்டானைப் பார்த்தால் முதலில் இந்தப் பேரைச் சொல்லிப் பாருங்க. இறக்கை நரம்புகள்கூட சிவப்பா இருக்கும். பெண் வழக்கம்போல மஞ்சள் பழுப்பு. இன்ஸ்டா போட்டோவுக்கு ஏத்த ஆள்.

4. கிரீன் மார்ஷ் ஹாக்: பச்சை கலந்த மஞ்சளில் கறுப்புப் பட்டைகள். வால் அடியில் உப்பி, நடுவில் ஒல்லியாகி இருக்கும். ஆணும் பெண்ணும் ஏறக்குறைய ஒரே மாதிரி என்பதால் குழப்பமே இல்லை. அழகா இருக்கேன்னு ஏமாறாதீங்க. பட்டாம்பூச்சியையும் தன் இனத்து மற்ற தட்டான்களையுமே பிடிச்சுத் தின்கிற ரவுடி. தண்ணீர் இல்லாத தோட்டத்திலும் இருக்கும்.

5. கிரவுண்ட் ஸ்கிம்மர்: தரையில் உட்காரும் குட்டித் தட்டான். நடைபாதை ஓரம், புல்தரை, மொட்டை மாடின்னு எங்கேயும் இருக்கும். முதிர்ந்த ஆண் சாம்பல் பூசின நீலம். பெண்ணும் இளசும் பச்சை மஞ்சளில் கறுப்புக் கோடு. நீங்க நடக்க நடக்க முன்னாடி முன்னாடி எழும்பிப் போய் உட்காருதா? இதுவாத்தான் இருக்கும்.

6. காமன் பிக்சர்விங்: மஞ்சள் இறக்கையில் கறுப்புப் பழுப்புக் கோலம் போட்ட மாதிரி இருக்கும். பறக்கிறதும் படபடன்னு பட்டாம்பூச்சி மாதிரியே. பல பேர் பட்டாம்பூச்சின்னு நினைச்சே கடந்து போயிடுவாங்க. பூங்காவில் மரங்களுக்கு நடுவில் இருக்கிற வெட்டவெளியில் கூட்டமா மிதக்கும்.

7. கிரானைட் கோஸ்ட்: என்னோட ஃபேவரைட். கருங்கல் மாதிரியே கறுப்பும் சாம்பலும் கலந்த புள்ளிகள். சுவரில் அப்பிக்கிட்டு உட்கார்ந்தால், 'பேய்'தான், கண்ணுக்கே தெரியாது. மந்தைவெளியில் உறவினர் வீட்டுக் காம்பவுண்ட் சுவரில் இதைத் தேடி 20 நிமிஷம் நின்னேன். கடைசியில் சலிச்சுப்போய்ச் சுவரில் கை வைக்கப் போனப்போ, கைக்கு அரை அடி தள்ளி இருந்து எழும்பிப் போச்சு. அவ்வளவு நேரமும் என் முகத்துக்கு நேராவே இருந்திருக்கு! இறக்கை நுனிப் பொட்டு நடுவில் கறுப்பு, ரெண்டு ஓரமும் வெள்ளை. கிணறு, சிமென்ட் தொட்டி, மழைநீர் தேங்கின டேங்க் இதெல்லாம் இது முட்டையிடும் இடங்கள். அதனால்தான் மயிலாப்பூர் மாதிரி பழைய வீடுகளும் கல் சுவர்களும் இருக்கிற ஏரியாவில் இதுக்கு வாடகை வீடு கிடைக்குது.

8. கோரல்-டெயில்டு கிளவுட்விங்: மாலை 6 மணி ஷிஃப்ட் ஆள். பகலில் நிழலில் ஓய்வெடுத்துட்டு, இருட்டுற நேரத்தில் தண்ணீர் மேல் விர்ருனு போகும். ஆணின் பின் இறக்கையில் பழுப்புத் திட்டும், அதை ஒட்டி வெள்ளைத் திட்டும் இருக்கும். மங்கின வெளிச்சத்தில் ரெண்டு வெள்ளைப் பொட்டு மட்டும் பறக்கிற மாதிரி தெரிஞ்சா, அது இதுதான்.

9. கோரமண்டல் மார்ஷ் டார்ட்: ஊசித்தட்டான். ஆணின் வால் எலுமிச்சை மஞ்சள், நெஞ்சுப் பகுதி ஆலிவ் பச்சை. 1798-ல் டென்மார்க் பூச்சியியலாளர் ஃபேப்ரீசியஸ் இதை விவரிச்சப்போ நம்ம கடற்கரையின் பேரையே வெச்சுட்டார். 'சோழமண்டலம்'தான் ஐரோப்பியர் வாயில் 'கோரமண்டல்' ஆச்சு. ஆக, சோழர் பேரைச் சுமக்கிற பூச்சி நம்ம குளக்கரைப் புல்லில் உட்கார்ந்திருக்கு.

10. செனகல் கோல்டன் டார்ட்லெட்: தீக்குச்சியைவிட ஒல்லியான ஊசித்தட்டான். கறுப்பு வாலின் நுனிக்குச் சற்று முன்னால் பளிச்சுனு ஒரு நீல வளையம். கொஞ்சம் உப்பு கலந்த தண்ணீரையும் தாங்கும் என்பதால் கழிமுகப் பகுதியில் தேடிப் பாருங்க.

லிஸ்ட்டில் சேராத ஒரு உலகம் சுற்றும் வாலிபன்!

மழைக்கு முன்னும் பின்னும் மெரினாவிலோ கிரவுண்டிலோ தலைக்கு மேல் நூற்றுக்கணக்கில் மஞ்சள் தட்டான்கள் உட்காராமல் பறந்துக்கிட்டே இருக்குமே, அதுதான் வாண்டரிங் கிளைடர். 'தட்டான் தாழப் பறந்தால் மழை'ன்னு பாட்டி சொன்ன தட்டானும் பெரும்பாலும் இதுவாத்தான் இருக்கும். மழைத் தேக்கத்தில் முட்டையிட்டு, அது வத்துறதுக்குள்ள, ஒன்றரை, இரண்டு மாதத்தில் முழுசா வளர்ந்து கிளம்பிடும். அதனால மழை போகிற பக்கமே இதுவும் போகுது.

எவ்வளவு தூரம்? மாலத்தீவில் வசித்த உயிரியலாளர் சார்லஸ் ஆண்டர்சனுக்கு ஒரு சந்தேகம். முட்டையிட நல்ல தண்ணீர்க் குளமே அதிகம் இல்லாத தீவுகளில், வருஷா வருஷம் அக்டோபரில் லட்சக்கணக்கான தட்டான்கள் எங்கிருந்து வருது? பல வருஷக் குறிப்புகளை அடுக்கி 2009-ல் ஒரு கட்டுரை வெளியிட்டார். இந்தியாவிலிருந்து பருவக்காற்றில் ஏறி, மாலத்தீவு வழியா, கிழக்கு ஆப்பிரிக்கா வரைக்கும் கடலைக் கடந்து போகுது என்பது அவர் கணிப்பு. பல தலைமுறைகள் சேர்ந்து முடிக்கிற இந்தப் போக்குவரத்தின் மொத்தத் தூரம் 14,000 முதல் 18,000 கிலோமீட்டர் வரை இருக்கும்னு அவர் சொன்னார். நம்ம ஊர் மழைத் தேக்கம் அதுங்களுக்கு ஒரு பஸ் ஸ்டாப்!

எங்கே போய்ப் பார்க்கலாம்?

தொல்காப்பியப் பூங்கா: அடையாறு கழிமுகத்தை ஒட்டி 58 ஏக்கர். குப்பையும் கட்டட இடிபாடும் கொட்டிக் கிடந்த இடத்தை மீட்டு, 2011-ல் பூங்காவாகத் திறந்தாங்க. நல்ல தண்ணீரும் உப்புத் தண்ணீரும் அடுத்தடுத்து இருப்பதால் ஒரே நடையில் பல வகைகளைத் தேடலாம். அனுமதி நேரத்தைப் பார்த்துட்டுக் கிளம்புங்க.

கிண்டி சிறுவர் பூங்கா: 1978-ல் தேசியப் பூங்காவான கிண்டிக் காட்டின் உள்பகுதிக்குள் நினைச்ச மாதிரி போக முடியாது. பக்கத்திலேயே இருக்கிற சிறுவர் பூங்காவில் மர நிழல் ஓரங்களில் பிக்சர்விங்கைத் தேடுங்க.

செம்மொழிப் பூங்கா: ஜெமினி மேம்பாலத்துக்குப் பக்கத்தில், 2010-ல் திறந்தது. செயற்கைக் குளங்கள் இருக்கு, கரைக்கு மிகப் பக்கத்தில் நிற்கலாம். போனில் படம் எடுத்துப் பழக நல்ல இடம்.

தி.நகர் பனகல் பூங்கா, நடேசன் பூங்கா, மயிலாப்பூர் நாகேஸ்வர ராவ் பூங்கா: பெரிய நீர்நிலை இல்லைன்னாலும் கிரவுண்ட் ஸ்கிம்மர், கிரீன் மார்ஷ் ஹாக் மாதிரி தோட்டத்து ஆள்களைப் பார்க்க வாய்ப்பு இருக்கு. வாக்கிங் போகும்போதே தேடலாம்.

பள்ளிக்கரணை: கொஞ்சம் தெற்கே போக முடிஞ்சா, இது மெயின் பிக்சர். 2022-ல் ராம்சர் பட்டியலில் சேர்ந்த சதுப்பு நிலம்.

எப்போ? பருவமழைக்குப் பிந்தைய வாரங்கள் பெஸ்ட். வெயில் ஏறின பிறகு, காலை 8 முதல் 11 மணி வரை. அதிகாலையில் போனால் பனியில் நனைஞ்சு அசையாமல் இருக்கிற தட்டானைக் கிட்டப் போய்ப் பார்க்கலாம், ஆனா கண்டுபிடிக்கிறது கஷ்டம். உச்சி வெயிலில் சில தட்டான்கள் வாலை நேரா சூரியனைப் பார்த்துத் தூக்கி நிற்கும். யோகா இல்லை, உடம்பில் வெயில் படுற பரப்பைக் குறைக்கிற டெக்னிக்!

போனில் படம் எடுக்க 5 டிப்ஸ்

1. துரத்தாதீங்க. குச்சியில் உட்காரும் வகைகள் பறந்து போனாலும் பெரும்பாலும் அதே குச்சிக்குத் திரும்பி வரும். அங்கேயே காத்திருங்க.

2. உங்க நிழல் அதன் மேல் விழக் கூடாது. விழுந்தால் அடுத்த நொடி ஆள் எஸ்கேப்.

3. குனிஞ்சு, மெதுவா, நேர்கோட்டில் போங்க. கையை வீசாதீங்க.

4. மேலிருந்து ஒண்ணு, பக்கவாட்டில் ஒண்ணுன்னு குறைஞ்சது ரெண்டு படம். இறக்கையும் வாலும் முழுசாத் தெரியணும்.

5. ஐநேச்சுரலிஸ்ட் ஆப்பில் தேதி, இடத்தோடு பதிவேத்துங்க. ஆப் சொல்ற முதல் பேரை அப்படியே நம்பாமல், விஷயம் தெரிஞ்சவங்க உறுதி செய்யும் வரை காத்திருங்க. இந்தியத் தட்டான்களுக்கென்றே 'ஒடோனாட்டா ஆஃப் இந்தியா' என்ற இணையதளமும் இருக்கு. புத்தகம் வேணும்னா, கே.ஏ.சுப்ரமணியன் எழுதிய தென்னிந்தியத் தட்டான்கள் கையேடு நல்ல தொடக்கம்.

வலை, நூல், டப்பா எதுவும் வேண்டாம். வாலில் நூல் கட்டினால் அதால் வேட்டையாட முடியாது, பட்டினியிலேயே செத்துடும்.

கொசுவுக்கும் இதுக்கும் என்ன தொடர்பு?

நாம பார்க்கிற பறக்கும் வாழ்க்கை தட்டானுக்குக் கடைசிச் சில வாரங்கள்தான். அதுக்கு முன்னாடி தண்ணீருக்குள் புழுவா வாழும். அங்கே கீழ் உதட்டைச் சட்டுனு நீட்டி இரையைக் கவ்வும். மெனுவில் கொசுப்புழுவும் உண்டு. வளர்ந்து பறக்க ஆரம்பிச்சதும் கொசுவையும் பிடிக்கும்.

1980-களின் கடைசியில் மியான்மரின் யாங்கூனில் ஒரு சோதனை நடந்தது. வீட்டுத் தண்ணீர்ப் பாத்திரங்களில் தட்டான் புழுக்களை மக்கள் உதவியோடு விட்டுப் பார்த்தாங்க. டெங்கு பரப்பும் ஏடிஸ் கொசு நல்லாவே குறைஞ்சதா 1990-ல் முடிவு வெளியானது. அதில் பயன்படுத்தின வகை எது தெரியுமா? நம்ம லிஸ்ட்டில் இரண்டாவதா இருக்கிற அதே ரடி மார்ஷ் ஸ்கிம்மர். அதுக்காக வீட்டு டேங்க்கில் தட்டான் வளர்க்கக் கிளம்பிடாதீங்க. தண்ணீர்த் தொட்டியை மூடி வைக்கிறதுதான் டெங்குவுக்கு முதல் மருந்து. ஆனா, கொசுவைத் தின்கிற ஆள் வாழணும்னா, அது முட்டையிட மூடாத, மருந்து கொட்டாத, மீதி உயிர்களும் இருக்கிற குளம் வேணும் இல்லையா?

அந்தக் குளம்தான் குறைஞ்சுக்கிட்டே வருது. கரை முழுக்க சிமென்ட் பூசி, ஓரத்துப் புல்லைச் சுத்தமா வழிச்சு எடுத்தால் நமக்கு 'நீட்'டா தெரியும். ஊசித்தட்டான்கள் பல வகை முட்டையிடறதே தண்ணீர்ச் செடித் தண்டுக்குள்தான். தட்டான் புழு தோலை உரிச்சுட்டுப் பறக்கக் கிளம்ப, ஏறி வர ஒரு தண்டோ கல்லோ வேணும். கிரானைட் கோஸ்ட் சுவரில் சமாளிச்சுக்கும், டிச் ஜுவல் சாக்கடையில் சமாளிச்சுக்கும், மற்றவை காணாமல் போகும்.

இன்னொண்ணு. தி.நகரில் பார்க் பண்ணின கார் பானட்டில் தட்டான் வாலைத் தட்டித் தட்டி எழும்புறதைப் பார்த்திருக்கீங்களா? விளையாட்டு இல்லை, முட்டை போடுது! பளபளப்பான பெயின்ட்டில் பட்டுத் திரும்பும் வெளிச்சம், தண்ணீர்ப் பரப்பில் பட்டுத் திரும்பும் வெளிச்சம் மாதிரியே அதன் கண்ணுக்குத் தெரியும். கறுப்பு, சிவப்பு கார்கள் இப்படி அதிகமா ஏமாத்துதுன்னு ஹங்கேரி ஆய்வாளர்கள் சொல்லியிருக்காங்க. கொதிக்கிற தகரத்தில் விழுந்த முட்டை என்ன ஆகும்னு சொல்ல வேண்டியதில்லை.

இந்த ஞாயிற்றுக்கிழமை ஹோம்வொர்க்!

உங்க வீட்டுக்குப் பக்கத்தில் ஒரே ஒரு தண்ணீர் இடத்தைத் தேர்ந்தெடுங்க. கோயில் குளம், பூங்காக் குட்டை, கால்வாய் ஓரம், எதுவா இருந்தாலும் சரி. அரை மணி நேரம் நின்னு, எத்தனை வகை பார்த்தீங்கன்னு மட்டும் குறிங்க. பேர் தெரியலைன்னா 'மஞ்சள், தரையில் உட்காருது'ன்னு எழுதினாலும் போதும். மழைக்கு முன் ஒரு தடவை, மழை நடுவில் ஒரு தடவை, பொங்கல் லீவில் ஒரு தடவைன்னு அதே இடத்துக்குப் போங்க.

மூணாவது தடவை அந்த லிஸ்ட்டில் அஞ்சாறு வகை இருந்தால், சந்தோஷமா ஸ்டேட்டஸ் போடுங்க. சாக்கடை நகை மட்டும்தான் இருக்குன்னா, தேதியும் படமும் சேர்த்து உங்க வார்டு கவுன்சிலருக்கு அனுப்புங்க.